பூசாமல் விட்ட ஓட்டை

றஞ்சிதம் காராஜ் வாசலில் வந்து நின்றபோது நான் ஒரு வான் வண்டியின் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். தலையை வெளியே எடுக்கவில்லை. நிமிர்ந்தால் கதைக்க வேண்டும், கதைத்தால் அவள் கேட்பாள், கேட்டால் நான் இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. அதனால் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினேன். அவள் போகவில்லை. ஜம்பட்டா வீதி வெயில் முழுக்கத் தலையில் விழ, ஒரு பிளாஸ்ரிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பூசைக்குப் பிந்தி வந்தவள்போல ஓரமாக நின்றாள். கடைசியில் எனக்குத்தான் முதுகு வலித்தது. நிமிர்ந்தேன்.

"கிளெமென்ற் அண்ணன், அவருக்கு டோஹாவில ஒரு காராஜில வேலை சரிவரும்போல கிடக்கு," என்றாள். "வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி ஏஜென்சியில இன்டர்வியூ. முந்தி வேலை செய்த இடத்தால ஒரு சேர்விஸ் லெட்டர் கேக்கினம். பதினெட்டு வருசமும் இஞ்சதானே நிண்டவர். வேற ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

வியாழக்கிழமை வரட்டும், பாப்பம் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி எனக்கு எரிச்சலாக இருந்தது.

நோபேட் அவளுடைய புருஷன். என்னுடைய பள்ளிக்கூடச் சிநேகிதன். என் மகள் றஷ்மிக்கு ஞானத்தகப்பன். பதினெட்டு வருசம் என்னோடு இந்தக் காராஜில் வயர் பிடித்தவன். இரண்டரை வருசத்துக்கு முன் நான் துரத்திவிட்டவன். ஏன் துரத்தினேன் என்று கொட்டாஞ்சேனையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்னமே நானே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கிற ஸாலிஹ் நானாவின் வெள்ளைக் கார்தான் விஷயம். சின்ன ஜப்பான் கார். வீடு கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில். கார் நிற்பது வாசலில், உப்புக் காற்றுக்குள். 2022ஆம் ஆண்டு, பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற ஜூன் மாதம், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகிறது என்று கொண்டுவந்து விட்டார். நோபேட் பார்த்தான், திருத்தினான், வேலைப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தான். கார் ஒன்றரை வருசம் ஒழுங்காக ஓடியது. அடுத்த வருசக் கடைசியில், பொரளைச் சந்தியில் வலப்பக்கம் திருப்பும்போது நடு வீதியில் எஞ்சின் அப்படியே செத்தது. எதிரே வந்த பஸ் இடப்பக்கக் கதவில் ஏறியது. அந்தப் பக்கம் இருந்தவர் ஸாலிஹ் நானாவின் மனைவி ஸமீமா. இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. ஐந்து மாதம் படுக்கை. இன்றைக்கும் பொல்லு இல்லாமல் நடக்க மாட்டார்.

பஸ் இடித்த காரைத் திருத்திய காராஜ்காரன் புது சென்சர் ஒன்றைப் போட்டுவிட்டு, இந்த வயர்ப் பக்கம் முந்தி யாரோ கை வைத்திருக்கு என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். ஸாலிஹ் நானா நேரே என்னிடம் வந்தார். யார் கை வைத்தது என்று கேட்டார். நான் வேலைப் புத்தகத்தை விரித்து நோபேட்டின் கையெழுத்தைக் காட்டினேன். அவருக்கு முன்னாலேயே நோபேட்டைக் கூப்பிட்டேன். அவன் கையில் பிடித்த வயரோடு வந்தான். அவனுக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான். "மச்சான், நான் குத்தின ஓட்டை ஒண்டையும் கியூடெக்ஸ் பூசாமல் விட்டதில்லை. அந்தோனியார் அறிய."

இது என்ன கதை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வயருக்குள் கரண்ட் வருகிறதா என்று பார்க்க, வயரை வெட்டாமல், மேல் தோலில் ஒரு ஊசியைக் குத்துவோம். ஊசி உள்ளே செம்புக் கம்பியைத் தொட்டால் மீற்றர் காட்டும். கண்டபடி குத்தக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கும்; எல்லோரும் குத்துவோம். நுளம்பு கடித்த அளவு ஓட்டைதான். ஆனால் கடற்காற்று அதற்குள்ளால் போகும். போய்ச் செம்பைப் பச்சையாக்கி, ஒவ்வொரு இழையாகத் தின்னும். வெளியே பார்த்தால் வயர் புதிது மாதிரியே இருக்கும். நோபேட் ஒவ்வொரு ஓட்டைக்கும் றஞ்சிதத்தின் நகப்பூச்சை, சிவப்புக் கியூடெக்ஸை, ஒரு சொட்டு வைத்து அடைப்பான். காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டு நிற்பான். இது பொம்பிளையள் வேலை என்று நான் சிரிப்பேன். கியூடெக்ஸ் நோபேட் என்ற பட்டம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் வரைக்கும் போயிருந்தது. வைத்தவன் நான்தான்.

அன்றைக்கும் சிரித்தேன். "கியூடெக்ஸ் பூசினா அந்த மனுசியின்ர இடுப்புச் சரிவருமோடா?" என்று கேட்டேன். ஸாலிஹ் நானாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். நோபேட் கையைத் துணியில் துடைத்தான். தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த கிழமை தெமட்டகொடையில் ஒரு காராஜ்காரர், நோபேட் என்று ஒருவர் வேலை கேட்டு வந்திருக்கிறார், எப்படி ஆள் என்று எனக்குப் போன் எடுத்தார். எப்படி ஆள் என்று சொன்னேன். பிறகு இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். அவர்களுக்கும் சொன்னேன். இப்போது அவன் யாருடையதோ த்ரீவீலரை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். கோயிலுக்கு எதிரே நிற்பான். நான் மற்றப் பக்கத்தால் போவேன்.

றஞ்சிதம் வந்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் ஸாலிஹ் நானா போன் எடுத்தார். கார் ஹெவ்லொக் டவுனில் நின்றுவிட்டது, அதே மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல். மத்தியானத்துக்குள் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் காராஜுக்குள் விட்டார்கள். அந்தக் காரைக் கண்டதும் எனக்கு வந்தது ஒரு கெட்ட சந்தோஷம். பொய் சொல்லவில்லை, சந்தோஷம்தான். நோபேட்டின் வேலை இன்னும் உள்ளே கிடக்கிறது, அதை வெளியே எடுத்து ஒரு மேசையில் வைத்து, லெட்டர் கேட்டு வருகிறவளுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். இதைப் பார், இதற்கா லெட்டர் என்று கேட்கலாம்.

ஸ்கேனரைச் செருகினேன். கிராங்க் சென்சர் சேர்க்கிட் என்று காட்டியது. எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சர் அது. அந்தச் செய்தி ஒரு கணம் தவறினால் கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும், கார் நடு ரோட்டில் நிற்கும். இந்த ஸ்கேனர் வந்த நாளில் இருந்து கொழும்பில் எல்லோரும் மெக்கானிக். சென்சர் பெயர் காட்டினால் சென்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவார்கள். மெஷின் சொல்வது சேர்க்கிட் என்று. அதாவது அந்த வழியில் எங்கேயோ பிழை என்று. வீட்டில் களவு போய்விட்டது என்று பொலிசுக்குச் சொல்லப் போனவனையே பிடித்து உள்ளே போடுகிற மாதிரி, பாவம், சென்சரைப் பிடித்து எறிகிறார்கள். இந்தக் காருக்கும் விபத்துக்குப் பிறகு அப்படித்தான் போட்டிருந்தார்கள். நான் அப்படிப்பட்ட மடையன் இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

செவ்வாய் முழுக்கக் கார் என்னை ஏமாற்றியது. இப்படியான பிழை டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி. எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டேன், நிற்கவில்லை. மீற்றர் வைத்து மூன்று வயரையும் அளந்தேன், மூன்றும் சரி என்றது. மீற்றரை நம்பக்கூடாது. வயருக்குள் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீற்றர் சரி என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது அந்த வயரிடம் வேலை ஒன்றும் கேட்பதில்லை. புதன் காலை சென்சரைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்ட்டில் போடுகிற மிகச் சின்னப் பல்ப் ஒன்றை அந்த வயர்களில் கட்டி எரித்தேன். இரண்டு வயரில் பளிச்சென்று எரிந்தது. மூன்றாவதில், எர்த் என்கிற பூமி வயரில், மங்கலாகச் சிவந்து கிடந்தது. கையால் வயர்க்கட்டை ஆட்டினேன், அணைந்தது. விட்டேன், எரிந்தது. பிடித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

வயர்களை மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்ரிக் ட்யூப்பைப் பிளேட்டால் கீறித் திறந்தேன். வயர்கள் சென்சரோடு சேர்கிற கனெக்டருக்குக் கிட்டே, மூன்று வயரிலும், வரிசையாக மூன்று சிவப்புச் சொட்டு. கியூடெக்ஸ். நாலு வருசமாகியும் நிறம் போகவில்லை. வாடா நோபேட் என்றேன். முதற் சொட்டைச் சுரண்டித் தோலை உரித்தேன். உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது, அன்றைக்குக் கடையில் வாங்கினது மாதிரி. இரண்டாவதை உரித்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவது பூமி வயர். இதுதான் என்று நினைத்துக்கொண்டு உரித்தேன். பளபளவென்றுதான் இருந்தது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தளர்ந்திருந்த ஒரு பித்தளை முள்ளை நோபேட் அழகாக நெருக்கி விட்டிருந்தான். அன்றைக்குக் காருக்கு இருந்த பிழை அதுதான், அதை அவன் சரியாகத்தான் திருத்தியிருந்தான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. பூமி வயரை விரலால் தடவிக்கொண்டே ட்யூப்புக்குள் மேலே போனேன். ஒரு சாண் தூரத்தில் விரல் ஒரு வீக்கத்தில் தட்டியது.

அங்கே தோல் உப்பியிருந்தது. அதன் நடுவில் ஒரு ஓட்டை. பூச்சு இல்லை, ஒன்றும் இல்லை. வளைத்துப் பார்த்தேன், பச்சைத் தூளாகக் கொட்டியது. ஒரே ஒரு இழை மிச்சம்; விபத்துக்குப் பிறகு சென்சர் மாற்றும்போது வயர் ஆடி மறுபடி தொட்டிருக்க வேண்டும், இவ்வளவு காலம் கார் ஓடியது அந்தத் தொடுகையில்தான். ஓட்டையை லைட் வெளிச்சத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். அது வட்டமான ஓட்டை இல்லை. நோபேட் தையல் ஊசியால் குத்துவான், வட்டமாகத்தான் இருக்கும். இது நீளவாக்கில் ஒரு வெட்டு.

என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். சாக்குத் தைக்கிற ஊசி ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் முனையை நான் கல்லில் தட்டையாகத் தீட்டி, பின்னால் வயர் ஒட்டி, குத்திப் பார்க்கிற ஊசியாக வைத்திருக்கிறேன், இருபத்தைந்து வருசமாக. கொழும்பில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. வேறு யாரிடமாவது இருக்கலாமே என்று அந்த இடத்திலேயே யோசித்தேன், வெட்கமில்லாமல். மேசை லாச்சியில் இருந்து ஊசியை எடுத்து, ஒரு பழைய வயர்த் துண்டில் குத்தி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வெட்டு. ஒரு தரம் போதாதென்று நாலு இடத்தில் குத்திப் பார்த்தேன். நாலும் அதே வெட்டு.

பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வருவது என்ன, அது அங்கேதான் இருந்திருக்கிறது. ஜூன் பதின்மூன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். நோபேட் லீவு கேட்டிருந்தான். பஸ்ஸும் இல்லை, பெற்றோலும் இல்லை, குடும்பத்தோடு நடந்தே கோயிலுக்குப் போனான். நான் சும்மா இருக்கிறேனே என்று ஸாலிஹ் நானாவின் காரைத் திறந்தேன். ட்யூப்பைக் கொஞ்சம் மேலே விலக்கி, பூமி வயரில் ஊசியைக் குத்தினேன். மீற்றரைப் பார்க்க முதல் போன் அடித்தது. ஆமர் வீதியில் இருந்து ஒரு சிநேகிதன், "பவுசர் வந்திட்டுது, ஓடி வா" என்றான். பெற்றோல் செட்டுக்குப் பவுசர், எண்ணெய் டாங்கி லொறி, வந்தது என்றால் அந்த நாட்களில் யாரும் கையில் இருந்ததை முடித்துவிட்டு ஓடியதில்லை. ஊசியைப் பிடுங்கினேன், ட்யூப்பை இழுத்து மூடினேன், பெற்றோல் கானையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆறு மணித்தியாலம் வரிசையில் நின்று பெற்றோல் இல்லாமல் திரும்பி வந்தேன். அடுத்த நாள் நோபேட் வந்து அந்த வேலையை எடுத்தான். நான் கை வைத்தேன் என்று அவனிடம் சொல்லக்கூட இல்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஒரு ஊசிக் குத்துத்தானே.

விபத்துக்குப் பிறகு இந்த ட்யூப்பை நான் திறந்து பார்த்திருக்கலாம். கார் மூன்று கிழமை மற்றக் காராஜில் கிடந்தது, போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னால் ஸாலிஹ் நானா வேண்டாம் என்றிருக்க மாட்டார். நான் பார்க்கவில்லை. ஆளைத் துரத்துவது அதைவிடச் சுகமான வேலை.

புதன் பின்னேரம் கெட்ட துண்டை வெட்டி எடுத்துப் புது வயர் போட்டேன். வெட்டிய துண்டை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் வைத்துச் சேட் பொக்கற்றில் போட்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. எறிந்திருந்தால் முடிந்திருக்கும். எல்லாம் முடிந்து கடைசியாகச் சரிபார்க்கும்போது என் கை தன் பாட்டில் ஊசியை எடுத்துப் புது வயரில் ஒரு குத்துக் குத்தியது. பழக்கம். குத்திவிட்டு அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சந்தியில் இருக்கிற ஃபேன்சிக் கடைக்குப் போனேன். அங்கே நின்ற பிள்ளை "மொன பாட்டத அங்கிள்?" என்று சிங்களத்தில் நிறம் கேட்டது. "ரத்து" என்றேன். மனைவிக்கா மகளுக்கா என்ற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துச் சிவப்புப் போத்தலை எடுத்துத் தந்தது. எனக்கு அந்த வயரில் பூசவும் தெரியவில்லை. கட்டைவிரல் நகமெல்லாம் அப்பிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அன்றிரவு படுத்தபடி எல்லாவற்றையும் சரியாகத் திட்டம் போட்டேன். காலையில் ஸாலிஹ் நானா வருவார். நெருப்புப் பெட்டியைத் திறந்து காட்டி, நானா, இது என்னுடைய கை என்று சொல்வது. அவர் ஏசுவார், அடித்தாலும் அடிப்பார், வெள்ளவத்தை முழுக்க என் பெயரைச் சொல்வார். சொல்லட்டும். நான் நோபேட்டைப் பற்றிச் சொன்ன மாதிரித்தானே சொல்வார்.

வியாழன் எட்டரைக்கே வந்துவிட்டார். எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "என்னா பிழை கிளெமென்ட்?" என்றார்.

"ஒரு வயர் உள்ளால உக்கிப்போய்க் கிடந்தது நானா."

"அந்த நோபேட் கை வெச்ச எடமா?"

என் கை சேட் பொக்கற்றில் இருந்தது. நெருப்புப் பெட்டி விரலில் பட்டது. "ம்" என்றேன். வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய பொய் அது. அவர் தலையை ஆட்டினார். "அந்த மனிசன்ட வேல இன்னும் எங்களய விடல்ல பாருங்க. ஸமீமா இந்தக் கார்ல முன் சீட்டுல ஏறவே மாட்டேங்கிறா. நான் செல்லியீக்கிறேன், கிளெமென்ட் பாத்துட்டா இனிப் பயமில்ல, நேர்மையான மனிசன், சொந்தக் கூட்டாளியையே வெளிய போட்ட ஆள் எண்டு." தோளில் தட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று கையை ஆட்டினேன். இதைவிட அவர் என் கன்னத்தைப் பொத்தி ஒன்று தந்திருக்கலாம்.

செய்ய முடியாததைச் செய்யாமல் விட்டவன் செய்யக்கூடியதை அவசரமாகச் செய்வான். கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற கடைக்குப் போய் நோபேட்டுக்கு லெட்டர் எழுதினேன். பதினெட்டு வருசம், மிகத் திறமையானவர், கவனமானவர், நூறு வீதம் நம்பலாம் என்றெல்லாம் ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன். கடைசி வரியில், சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொண்டார் என்று போட்டேன். வாசித்துப் பார்த்தபோது அழகான லெட்டராக இருந்தது. றஞ்சிதம் இதை வாங்கும்போது அழுவாள், என்னைக் கும்பிட்டாலும் கும்பிடுவாள் என்று நினைத்தேன். அதை நினைக்கக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பாருங்கள் மனிதனை.

நாலு மணிபோல த்ரீவீலர் ஒன்று வாசலில் நின்றது. றஞ்சிதம் வரவில்லை. நோபேட் இறங்கினான். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசற்படியில் நின்று, "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டான். பதினெட்டு வருசம் இந்தக் கதவுத் திறப்பைப் பொக்கற்றில் வைத்திருந்தவன். நான் கதிரையைக் காட்டினேன், அவன் இருக்கவில்லை. லெட்டரைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தான். எப்போதும் அப்படித்தான், எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டான்.

"சொந்தக் காரணத்தால விலகினவர் எண்டு போட்டிருக்கிறியள்," என்றான்.

இருக்கிறியள். முப்பத்தைந்து வருசத்தில் அவன் என்னை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. அப்படித்தான் போடுவது, இல்லாவிட்டால் அவங்கள் கேள்வி கேட்பார்கள் என்று சொன்னேன். அவன் ஓம் என்பதுபோலத் தலையை அசைத்தான். அப்போதுதான் அவன் பார்வை என் கையில் விழுந்தது. கட்டைவிரல் நகத்தில் சிவப்பு. பிறகு மேசையைப் பார்த்தான். கியூடெக்ஸ் போத்தல் அங்கே இருந்தது. நான் கையைப் பொக்கற்றுக்குள் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

ஸாலிஹ் நானாவின் கார் வந்து நின்றது என்று சந்தியில் ஆட்கள் சொன்னதாகச் சொன்னான். ஓம் என்றேன். அவன் லெட்டரை மேசையில் வைத்தான். வெளியே ஒரு மீன் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"எவடத்தில இருந்தது?" என்றான்.

சென்சர் என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஆளிடம் அந்தப் பொய் நிற்காது. "கனெக்டரில இருந்து ஒரு சாண் மேல," என்றேன்.

அவன் தன் கையை விரித்துக் காற்றில் ஒரு சாண் அளந்தான். கனெக்டர் இங்கே, வயர் இப்படி, ட்யூப் இப்படி என்று கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் கனெக்டருக்குக் கிட்டத்தான் குத்துறனான்," என்றான்.

"தெரியும்."

நெருப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் திறந்தான். துண்டை லைட்டுக்குப் பிடித்து அந்த வெட்டைப் பார்த்தான். என் ஊசியை அவனுக்குத் தெரியாதா? எத்தனை தரம் எனக்குத் தீட்டித் தந்தவன். அவன் முகம் கோபப்படும் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. களைத்துப்போனது, அவ்வளவுதான். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. "அண்டைக்குப் பவுசர் வந்தது நோபேட்," என்றேன். இரண்டரை வருசமாக ஒரு மனிசனின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு நான் கண்டுபிடித்த வார்த்தை அதுதான்.

துண்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி என் பக்கம் தள்ளிவிட்டான். "ஸாலிஹ் நானாவுக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டான். நான் மேசையைப் பார்த்தேன். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

லெட்டரைக் கிழித்து என் முகத்தில் எறிவான் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு எவ்வளவு நல்லதாக இருந்திருக்கும். அவன் அதை மடிக்காமல், ஓரம் கசங்காமல், றஞ்சிதம் கொண்டுவந்த அதே பிளாஸ்ரிக் ஃபைலுக்குள் வைத்தான். "நாளைக்கு இன்டர்வியூ," என்றான். "எனக்கு இது வேணும்." கொஞ்சம் பொறுத்து, "ஏன் விலகினனீங்கள் எண்டு கேப்பாங்கள். என்ன சொல்லட்டும்?"

நான் நெருப்புப் பெட்டியை மேசையில் அங்கும் இங்கும் நகர்த்தினேன். அவன் நான் சொல்வேன் என்று உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பினான். வாசற்படி வரைக்கும் போனவன் நின்று, மேசையில் இருந்த போத்தலைக் காட்டினான்.

"பூசின உடன ட்யூப்பை மூடக்கூடாது," என்றான். "பத்து நிமிசம் காய விட வேணும். இல்லாட்டி ட்யூப்போட ஒட்டிப்பிடிச்சு, பிறகு ஆராவது இழுக்கேக்க பூச்சுக் கழண்டு வந்திடும்."

நான் நேற்றுப் பூசின கையோடு மூடிவிட்டேன். அவனுக்கு அது தெரிந்திருக்கும். என்னோடு பதினெட்டு வருசம் நின்றவன்.

த்ரீவீலர் போன பிறகு போனை எடுத்து ஸாலிஹ் நானாவின் நம்பரைத் தேடினேன். பெயர் திரையில் வந்தது. சுவரில், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில், மணிக்கூடு நாலு இருபது காட்டியது. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: காரைக் கொண்டுவாருங்கள், ஒரு ட்யூப்பை மறுபடி திறக்க வேண்டும். மற்றது, அந்த ஓட்டை யாருடைய கை என்பது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தேன். நானா, ஒரு பிழை நடந்துபோச்சு. நடந்துபோச்சு சரியில்லை. நான் ஒரு பிழை விட்டிட்டேன். ஸமீமாவும் பக்கத்தில் இருந்தால்? இன்றைக்கு முன் சீட்டில் ஏறியிருப்பாவோ? நாலரைக்கு எடுக்கிறேன் என்று எனக்கே சொன்னேன். பத்து நிமிசம்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கியூடெக்ஸ் போத்தலைத் திறந்தேன். காராஜுக்குள் அந்த மணம் பரவியது. பதினெட்டு வருசம் இங்கே இருந்த மணம்தான். மூடியோடு சேர்ந்த தூரிகையை மேசையில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை தானாக அணைந்தது. விரலால் தட்டினேன், பெயர் வந்தது. மறுபடி அணைந்தது. தட்டினேன். நாலரை போய் நாலு நாற்பது ஆகியிருந்தது. தூரிகையை எடுத்துப் போத்தலுக்குள் வைக்கப் போனேன். மேசைப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். மயிர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கட்டையாக, வளையவே இல்லை.